அயர்லாந்தில் 'கிராண்ட்' என்றால் என்ன அர்த்தம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: மனைவிக்கு அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் நேர்காணலில் வார்டு பொறுப்பாளர் பேசியதில் பாதி விளங்கவில்லை. அங்கே பேசுவது ஆங்கிலம்தானா? எந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

ஆங்கிலம்தான், ஆனால் அடியில் ஐரிஷ் மொழி ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கிலம். இணையத்தில் கிடைக்கும் ஐரிஷ் கொச்சைச் சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பலன் இல்லை. கேள்விப்படாத சொல் காதில் விழுந்தால் என்னவென்று கேட்டுவிடலாம். வம்பு பண்ணுவது தெரிந்த சொற்கள்தான். கிராண்ட், சிக், ஆஃப்டர், போல்ட், பிரஸ் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவை அங்கே வேறு வேலை பார்க்கும். புரிந்துவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். நர்ஸ் வேலையில் அது ஆபத்து. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலை மருந்து நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கார்க்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். உங்கள் மனைவி மாத்திரைக் கிண்ணத்தை நீட்டுகிறார். பெரியவர் 'ஐம் ஒன்லி ஆஃப்டர் டேக்கிங் தெம்' என்கிறார். நாம் படித்த ஆங்கிலத்தில் இது பாதியில் நின்றுபோன வாக்கியம். 'பிறகு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார் போலிருக்கிறது என்று தோன்றும். அவர் சொன்னது அதற்கு நேர்மாறு: 'இப்போதுதானே போட்டேன்.' இரவுப் பணியில் இருந்தவர் கொடுத்திருக்கலாம், வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவிலிருந்து அவரே எடுத்திருக்கலாம். அந்த ஒரு 'ஆஃப்டர்' பிடிபடாமல் போனால் அதே மருந்து இரண்டாம் முறை உள்ளே போகும். அதேபோல் பக்கத்துக் கட்டில்காரர் 'ஷீ இஸ் ஆஃப்டர் ஃபாலிங்' என்று கத்தினால், அந்த அம்மா இந்த நிமிடம்தான் கீழே விழுந்திருக்கிறார், ஓட வேண்டும்.

இது தப்பு ஆங்கிலம் இல்லை. ஐரிஷ் மொழியில் இப்போதுதான் முடிந்த செயலைச் சொல்ல, 'செய்ததன் பிறகு இருக்கிறேன்' என்ற அமைப்புதான் உண்டு. அது அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. வந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற பலவும் தானாக விளங்கும். 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். அடி அதிகம் விழுந்தது ஐரிஷ் பேசிய மேற்கிலும் தெற்கிலும். மிஞ்சியவர்கள், பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஐரிஷில் நினைத்து ஆங்கிலத்தில் பேசிய பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் கற்ற ஆங்கிலம் இது. மொழி போனாலும் இலக்கணம் போகவில்லை. அங்கே கேட்கும் பேச்சை நான் மரியாதையோடு பார்ப்பதற்கு இந்தக் கதைதான் காரணம்.

ஒரு நல்ல செய்தி: இந்த இலக்கணத்தில் பல இடங்கள் தமிழருக்கு எளிது. ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்று தனிச் சொற்கள் கிடையாது. கேட்ட வினைச்சொல்லாலேயே பதில் சொல்வார்கள். அதனால் அங்கே 'சாப்பிட்டீர்களா?' என்றால் 'யெஸ்' வராது, 'ஐ டிட்' வரும். 'வலி இருக்கிறதா?' என்றால் 'தேர் இஸ்'. நாமும் 'சாப்பிட்டேன்', 'இருக்கு' என்றுதானே சொல்கிறோம். வாக்கியத்தில் எதை அழுத்த வேண்டுமோ அதை முன்னால் இழுத்துப் போடுவார்கள்: 'இட்ஸ் டு கார்க் ஐம் கோயிங்.' நம்முடைய 'கார்க்குக்குத்தான் போகிறேன்' என்பதில் 'தான்' செய்யும் வேலை அது. பன்மைக்குத் தனி 'நீங்கள்' உண்டு. கார்க்கில் 'யீ', டப்ளினில் 'யூஸ்' அல்லது 'யிஸ்'. வழக்கமாக நடப்பதற்கு 'டூ பீ' என்பார்கள். 'ஐ டூ பீ அவேக் அட் ஃபோர்' என்றால் இன்று மட்டுமல்ல, தினமும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்று பொருள். நோயாளி சொல்லும்போது இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். அகராதியில் 'கிராண்ட்' என்றால் பிரமாண்டம். அயர்லாந்தில் 'பரவாயில்லை' என்பதிலிருந்து 'என்னை விட்டுவிடு' என்பது வரை எல்லாம் அதற்குள் அடக்கம். டீ வேண்டுமா என்று கேட்டு 'ஐம் கிராண்ட்' என்று பதில் வந்தால், வேண்டாம். தெரியாமல் மோதிவிட்டு மன்னிப்புக் கேட்கும்போது 'யூ ஆர் கிராண்ட்' என்றால், அதனால் என்ன, போகட்டும். வலி எப்படி என்று கேட்டதற்கு 'கிராண்ட்' என்றால்தான் கவனம் தேவை. அது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'இருக்கட்டும்' போன்றது. உண்மையிலேயே ஒன்றுமில்லை என்பதும் இருக்கலாம். உனக்கு ஏன் சிரமம் என்பதும் இருக்கலாம். குறிப்பாக வயதானவர்கள், கிராமத்திலிருந்து வந்தவர்கள், தங்களால் பிறருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருப்பார்கள். 'நாட் டூ பேட்' என்பது நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அருகில். 'நாட் கிரேட்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நிலைமை மோசம், டாக்டரைக் கூப்பிட யோசிக்கக் கூடாது. முதல் பதிலோடு நிற்காமல் இன்னொரு முறை, வேறு மாதிரி கேட்பதே இதற்கு வழி. பத்துக்கு எத்தனை வலி என்று எண் கேட்டால் உண்மை சீக்கிரம் வெளிவரும்.

டீ விஷயத்திலும் இதே கணக்குதான். முதல் முறை மறுப்பது அங்கே மரியாதை. கேட்பவர் மறுபடி கேட்பார் என்ற எதிர்பார்ப்போடுதான் மறுக்கிறார்கள். உங்கள் மனைவியும் ஒரே முறை கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். அவருக்கு யாராவது டீ தர வந்தால் அவர்களும் விடமாட்டார்கள்.

உடம்பைப் பற்றிய சொற்களை முதலில் பழகிக்கொள்வது நல்லது. 'ஐ காட் சிக்' என்றால் வாந்தி எடுத்தேன் என்று பொருள், உடம்பு சரியில்லாமல் போனது என்றல்ல. 'ஐ காட் எ வீக்னஸ்' என்றால் மயக்கம் வந்தது, கிறுகிறுவென்று விழப்போனேன் என்று அர்த்தம். வெறும் சோர்வு என்று எழுதிவைத்தால் தவறாகிவிடும். 'மை செஸ்ட் இஸ் அட் மீ' என்றால் நெஞ்சு தொந்தரவு செய்கிறது. 'எ டோஸ்' என்று மொட்டையாகச் சொன்னால் மருந்தளவு இல்லை, கடுமையான சளிக்காய்ச்சல். 'பெரிஷ்ட்' என்றால் குளிரில் விறைத்துப்போயிருக்கிறார், போர்வை கொடுங்கள். பார்க்க வந்த உறவினர் 'ஹீ இஸ் லுக்கிங் ஃபியர்ஸ் ஷுக்' என்றால் ஆள் ரொம்ப வாடிப்போயிருக்கிறார் என்கிறார். இந்த 'ஃபியர்ஸ்' வெறும் 'ரொம்ப'. 'ஃபியர்ஸ் குட் நர்ஸ்' என்றால் பாராட்டு. 'ஷீ இஸ் ஃப்ளையிங்' என்றால் நன்றாகத் தேறிவிட்டார். 'இன் பிட்ஸ்' உடம்பு வலிக்கும் வரும், மனம் உடைந்ததற்கும் வரும். எது என்று முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆட்களைக் குறிப்பிடும் முறையும் குழப்பும். 'யுவர் மேன்' என்றால் உங்கள் கணவர் இல்லை. அதோ அந்த ஆள், நாம் பேசிக்கொண்டிருந்தோமே அவர். பெண்ணாக இருந்தால் 'யுவர் வன்'. இதில் சற்று அலட்சியத் தொனி உண்டு, அதனால் நோயாளியைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. கணவரைப் பற்றிப் பேச ஒரு மூதாட்டி 'ஹிம்செல்ஃப்' என்பார்: 'ஹிம்செல்ஃப் வில் பீ இன் அட் ஹாஃப் செவன்.' நம் பாட்டிகள் பேர் சொல்லாமல் 'அவர்' என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். அந்த 'ஹாஃப் செவன்' ஏழரை மணி, ஆறரை இல்லை. ஷிஃப்ட் நேரம் சொல்லும்போதும் இப்படித்தான் சொல்வார்கள்.

'த டாக்டர் வாஸ் கிவிங் அவுட் டு மீ' என்றால் டாக்டர் திட்டினார். எதையும் வெளியே கொடுக்கவில்லை. ஐரிஷில் திட்டுவதற்கு அதே சொற்கள்தான், ஆங்கிலத்துக்கு மாறி வந்திருக்கின்றன. குழந்தைகள் வார்டில் 'போல்ட்' என்றால் தைரியசாலி இல்லை, சேட்டைக்காரன். 'பிரஸ்' என்றால் அலமாரி. 'த ஷீட்ஸ் ஆர் இன் த ஹாட் பிரஸ்' என்று வீட்டுக்காரம்மா சொன்னால், வெந்நீர்த் தொட்டி இருக்கும் கதகதப்பான அலமாரியில் படுக்கை விரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். துணி காய்வதற்கு அந்த ஊர் மழையில் அதைவிட்டால் நாதியில்லை. 'யோக்' என்றால் பேர் நினைவுக்கு வராத எந்தப் பொருளும்: 'ஹேண்ட் மீ தட் யோக்.' 'கார்ட்ஸ்' போலீஸ். 1922-இல் உருவான கார்டா ஷீகானா என்ற காவல்படையின் பெயரிலிருந்து வந்தது. 'ஜாக்ஸ்' கழிப்பறை. 'மெசேஜஸ்' வாங்கப் போகிறேன் என்று வயதானவர் சொன்னால் மளிகைச் சாமான். வேலை முடிந்து காரில் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்க 'லிஃப்ட்' என்று மட்டும் சொல்ல வேண்டும். 'ரைடு' (ride) என்ற சொல்லுக்கு அங்கே படுக்கையறை அர்த்தம். நம் ஊரில் அதைச் சாதாரணமாகச் சொல்லிப் பழகியிருப்போம் என்பதால் இதைப் போகும் முன்பே மறந்துவிடுவது நல்லது.

எந்தப் பட்டியலிலும் சரியாக விளக்கப்படாத சின்னச் சொற்கள் சில உண்டு. என்னைக் கேட்டால் பேச்சின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது. கடைக்குப் போனால் கவனியுங்கள். ரொட்டியைப் பையில் போட்டுவிட்டுக் கடைக்காரம்மா 'நவ்' என்பார். சில்லறையைக் கையில் வைத்து 'நவ் ஸோ' என்பார். இரண்டுக்கும் 'இப்போது' என்று பொருள் இல்லை. ஒரு வேலை முடிந்தது, இந்தாங்க, ஆச்சு என்பதுதான். வார்டில் ஊசி போட்டு முடித்ததும் மென்மையாக 'நவ்' என்று சொல்லிப் பாருங்கள், நோயாளியின் தோள் தளரும். 'ஷுர்' என்று வாக்கியம் தொடங்கினால் உறுதி இல்லை, நம் 'அட, என்ன செய்ய' என்பது போன்ற தொடக்கம். 'ஷுர் லுக்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம் என்று அர்த்தம். 'கம்மியர் டு மீ' என்றால் எழுந்து போக வேண்டாம், 'ஒன்று சொல்கிறேன் கேள்' என்கிறார்கள். கார்க்கில் வாக்கியக் கடைசியில் 'லைக்' வந்து ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனி அர்த்தம் தேட வேண்டாம். 'ஸ்டாப்!' என்று ஒருவர் சொன்னால் உங்கள் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. ஐயோ, எனக்கும் அப்படித்தான் என்று கூடச் சேர்ந்துகொள்கிறார். 'ஐ வில், யா' என்று இழுத்துச் சொன்னால் கண்டிப்பாக மாட்டேன் என்று பொருள். இது கார்க்கில் மிக அதிகம். தொனிதான் எல்லாம்.

கார்க்கின் தொனி தனி. வேகமாகப் போகும், ஏறி இறங்கும். பக்கத்து மாவட்டத்துக்காரர்களே சில நேரம் இரண்டாம் முறை கேட்பார்கள். ஆண்களை, வயது வித்தியாசம் பாராமல், 'பாய்' என்பார்கள், பெண்களை 'கேர்ல்'. அறுபது வயதுக்காரரை நாற்பது வயதுக்காரர் 'ஹவ் ஆர் யூ, பாய்' என்பார். காலனியாதிக்கக் கதைகளில் அந்தச் சொல்லுக்கு இருந்த கசப்பு நமக்குத் தெரியும், அதனால் முதலில் சுருக்கென்று இருக்கும். கார்க்கில் அது 'நம்ம ஆளு' என்பதற்கு அருகில் நிற்கும் சொல். 'லாங்கர்' என்பது கார்க்கின் சொந்த வசவு, முட்டாள் என்பதைவிடக் காரமானது. சிநேகிதர்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள். புதிதாகப் போனவர் வாயில் அது வர வேண்டாம். 'ஈஜிட்' என்றால் முட்டாள்தான், ஆனால் செல்லமாகத் திட்டவும் பயன்படும்.

அங்கே 'ஸ்லாகிங்' என்று ஒன்று உண்டு, கிண்டலடிப்பது. புதிதாக வந்தவரிடம் ஆரம்பத்தில் எல்லோரும் மிகப் பணிவாக இருப்பார்கள். சில வாரத்தில் உங்கள் குடையை, உங்கள் மதிய உணவின் அளவை, நீங்கள் மூன்று சட்டைமேல் சட்டை போட்டிருப்பதைக் கிண்டல் செய்யத் தொடங்கினால், உங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். திருப்பிக் கிண்டலடிக்கலாம், அதை எதிர்பார்ப்பார்கள். ஆனால் நிறத்தை, நாட்டை, உச்சரிப்பை வைத்துச் சொல்வதை 'ஸ்லாகிங்தானே' என்று யாராவது மழுப்பினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம், பொறுப்பாளரிடம் சொல்லலாம். 'ஃபெக்' என்ற சொல் காதில் விழுந்தால் அதிர வேண்டாம், பாட்டிகளும் சொல்லும் மிதமான வசவு அது.

'வாட்ஸ் த கிராக்?' என்பதைச் சொல்லாமல் விட முடியாது. போதைப்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்ன விசேஷம், என்ன நடக்கிறது என்பதே கேள்வி. கூடிப் பேசிச் சிரிக்கும் சந்தோஷத்துக்கும் அதே பெயர். பலரும் நினைப்பது போல இது பழைய ஐரிஷ் சொல் அல்ல. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பேச்சு, சேதி என்ற பொருளில் இருந்த சொல் வடக்கு வழியாக அயர்லாந்துக்குள் வந்து, ஐரிஷ் எழுத்தில் உடை மாற்றிக்கொண்டது. அதனால் அது அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. 'நாட் மச்' என்று பதில் சொன்னால் போதும், ஜாதகமே சொல்ல வேண்டியதில்லை.

நர்ஸ் வேலை என்பதால் இதையும் எழுதுகிறேன். வார்டில் ஒருவர் இறந்துபோனால் குடும்பத்தாரிடம் சொல்லும் வார்த்தை 'சாரி ஃபார் யுவர் டிரபிள்.' கேட்க வறட்டுத்தனமாகத் தோன்றும். ஐரிஷிலிருந்து நேராக வந்த துக்க வார்த்தை அது. இறப்புக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடக்கம் நடந்துவிடும். அதற்கு முன் அக்கம்பக்கம், கூட வேலை பார்த்தவர்கள், தூரத்து அறிமுகங்கள் என்று வரிசையில் நின்று, குடும்பத்தில் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து இதையே சொல்லிவிட்டு நகர்வார்கள். வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, கையைப் பிடித்து அதைச் சொன்னால் போதும். இறந்தவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் சொன்னால் அதைக் குடும்பம் மறக்காது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. டிராவலர்ஸ் என்ற நாடோடி மரபுச் சமூகத்தை 2017-இல் அரசு தனி இனக்குழுவாக ஏற்றது. அவர்களைக் குறிக்கும் சில வசவுகள் இன்னும் பேச்சில் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. கேட்டாலும் திருப்பிச் சொல்லக் கூடாது. 'பிரிட்டிஷ் ஐல்ஸ்', 'சதர்ன் அயர்லாந்து' என்ற பெயர்களைத் தவிர்த்து, வெறுமனே அயர்லாந்து என்றால் போதும். 'டாப் ஆஃப் த மார்னிங்' என்று அங்கே யாரும் வணக்கம் சொல்வதில்லை.

டப்ளினுக்குப் போனால் 'ஸ்டோரி, பட்?' என்று வரவேற்பார்கள், வெட்கமாகிவிட்டது என்பதற்கு 'ஸ்கார்லெட்' என்பார்கள். டப்ளின்காரர் வெளியூர்க்காரரைக் 'கல்ச்சி' என்பார், அவர்கள் இவரை 'ஜக்கீன்' என்பார்கள். வடக்கே பெல்ஃபாஸ்டில் எதற்கு முன்னாலும் 'வீ' ஒட்டும்; 'எ வீ மினிட்', 'எ வீ இன்ஜெக்‌ஷன்'. கார்க்கில் இருப்பவருக்கு இவை உடனே தேவைப்படாது.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஆங்கிலேயர் காற்றோடு சொல்லும் 'th' ஒலியை ஐரிஷ்காரர்கள் பலர் நம் 'த' போலவே பல்லில் நாக்கு வைத்துச் சொல்கிறார்கள். நம் 'தேங்க்ஸ்' அவர்களுக்கு அந்நியமாக ஒலிக்காது. ஆனால் கார்க்கில் அது இன்னும் தடித்து, 'த்ரீ' என்பது 'ட்ரீ' ஆகிவிடும். மருந்தளவு, கட்டில் எண், தொலைபேசி எண் எதுவானாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் பழக்கம் இருக்கட்டும். போனில் ஒரு விஷயம்: உரையாடல் முடியும்போது 'பை, பை, பை, பை' என்று அடுக்கிக்கொண்டே போய்த்தான் வைப்பார்கள். ஒரே 'பை'யோடு வைத்துவிட்டால் கோபமாக இருக்கிறீர்களோ என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வதும் அப்படி ஒரு வழக்கம்.

விசா வரும் வரை நேரம் இருக்கும் அல்லவா? தினமும் கொஞ்ச நேரம் அயர்லாந்தின் தேசிய வானொலியான ஆர்டிஈ ரேடியோ ஒன்னை இணையத்தில் போட்டுவிட்டு வீட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள். மதியம் வரும் லைவ்லைன் நிகழ்ச்சியில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் சாதாரண மக்கள் போன் செய்து குறை சொல்வார்கள், அழுவார்கள், சண்டை போடுவார்கள். செய்தி வாசிப்பவரின் ஆங்கிலத்தைவிட அந்தக் குரல்கள்தான் வார்டில் கேட்கப்போகிறவை. கார்க் உள்ளூர் வானொலிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. முதல் வாரம் சத்தம் மட்டும்தான் கேட்கும். புரியவில்லை என்று நிறுத்திவிடாமல் ஓடவிடட்டும், அப்புறம் காது தானாகப் பிரித்தெடுக்கும்.